டேட்டாபேஸ் இன்னும் சேரலை

"என்னங்க, இன்னிக்காவது என் பிளாக் திறக்குமா?"

"சர்வர் ஓடுது. டேட்டாபேஸ்தான் சேர மாட்டேங்குது" என்றார் கணவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மனைவியின் கதைகளை ஊரே இணையத்தில் படிக்க வேண்டுமென்று அவரே வலியப் போய்த் தலையைக் கொடுத்த வேலை. அவள் தட்டித் தட்டிக் கீபோர்டு தேய்ந்துபோன பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, அதையே சர்வராக்கிக் காட்டுகிறேன் என்று திங்கட்கிழமை உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை பாஸ்வேர்டு தப்பு என்றார். புதன்கிழமை பர்மிஷன் இல்லை என்றார். வியாழக்கிழமை சோறு தண்ணி இறங்காமல் கையைப் பிசைந்தார்.

அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கும் தன் தம்பியை அவள் வரவழைத்தாள்.

"வேண்டாம் மச்சான், நானே பார்த்துக்கறேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

அவன் விடவில்லை. இரண்டு வரி தட்டினான். பிளாக் பளிச்சென்று திறந்தது.

"அத்தான், இது திங்கட்கிழமையிலேர்ந்தே கச்சிதமா ஓடிட்டிருக்கு! எதுக்கு அக்காவை இழுத்தடிச்சீங்க?"

அவள் முகமெல்லாம் சிரிப்பு. "தள்ளுங்க. என் எட்டு வருஷக் கதையும் இதுக்குள்ளதானே இருக்கு? ஒவ்வொண்ணா ஏத்திடறேன்."

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

லினக்ஸ் ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் செய்யவில்லை. "இதில் இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா?" என்று திங்கட்கிழமை ஏற்றும்போதே மரியாதையாகக் கேட்டது. இருந்த உற்சாகத்தில் 'சரி' என்று அமுக்கியவர் அவர்தான்.