கீழே விழுந்த நாடகம்

கல்லூரி ஹாலில் ஒத்திகைக்கு நடுவே, தரையில் கிடந்த நாடகப் பிரதியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் மகா. அந்த நேரம் பார்த்துத்தானா ரஷ்ய மொழித் துறைத் தலைவி கோமளம் உள்ளே வர வேண்டும்!

“எழுந்திரு! சரஸ்வதி மேல உட்கார்ந்துண்டு என்ன பண்றே?”

“கை தவறி விழுந்திடுச்சு மேடம். விழுந்தா, எடுக்கிறதுக்கு முன்னாடி அது மேல உட்காரணும். ரஷ்யாவுல நடிக்கிறவங்க அப்படித்தான் செய்வாங்க. இல்லன்னா நாடகம் ஊத்திக்கும்.”

“இது மாஸ்கோ இல்லை, பெங்களூரு. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு. இல்லேன்னா ஹாலும் கிடையாது, நாடகமும் கிடையாது.”

வேறெந்த கோர்ஸிலும் இடம் கிடைக்காமல் ரஷ்ய மொழியில் சேர்ந்தவள் மகா. வகுப்பில் காட்டிய ஒரு ரஷ்ய நாடக வீடியோ அவளைப் பிடித்து ஆட்டிவிட்டது. அதையே தமிழும் கன்னடமும் கலந்து எழுதி, ஆள் சேர்த்து, நாளைக்கு மேடையேற்றம். பீன்யா ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு அப்பா வருகிறார். மகள் படிப்பது உருப்படியான படிப்புதான் என்று அவர் நம்புவதற்கு இந்த ஒரு நாடகம்தான் இருக்கிறது.

ஆனாலும் மகா அசையவில்லை.

“நான் தப்பே பண்ணலியே மேடம். எதுக்கு மன்னிப்பு?”

கோமளம் அவளுக்கு அடியிலிருந்து பிரதியைப் பிடுங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியேறினார்.

“ஏ மகா, சும்னே ஒரு சாரி சொல்லிடேன். என்ன குறைஞ்சிடப் போற?” என்றான் கூட நடிக்கும் சுனில்.

“மாட்டேன். வசனம் எல்லாருக்கும் மனப்பாடம்தானே? ஸ்கூட்டர் ஸ்டாண்டுல போடலாம், வாங்க.”

அங்கே ஒத்திகை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் வந்து விரட்டினார். பிரின்சிபால் உத்தரவாம்.

மகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மேடம்தான் போட்டுக் கொடுத்திருக்காங்க. இருங்க, நேரா போய் ரெண்டு பேரையும் கேட்டுடறேன்.”

பிரின்சிபால் பத்ரிநாத்தின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கோமளம். மேஜை மேல் அந்தப் பிரதி. நினைத்தது சரிதான் என்று மகா பல்லைக் கடித்தாள்.

“ஒரு தடவை படிச்சுப் பாருங்கோ சார். அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்திதான். ஆனா எப்படி எழுதியிருக்கா பாருங்கோ! நான்தான் கோவத்துல வேண்டாம்னுட்டேன், ஹாலைத் திருப்பிக் குடுங்கோ.”

மகா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அதை பிளேஸ்மென்ட் டிரெயினிங்குக்குக் குடுத்தாச்சு மேடம். ரஷ்யன் டிராமா போட்டா யாருக்கு வேலை கிடைக்கப் போறது?”

ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பிரதியை இந்தப் பக்கம் தள்ளினார் பத்ரிநாத். அது வழுக்கித் தரையில் விழுந்தது.

கோமளம் குனிந்தார். பிரதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“மேடம்! என்ன இது?”

“ரஷ்யாவுல இப்படித்தான் சார். நாடகம் ஊத்திக்கக் கூடாதோன்னோ? ஹாலுக்குக் கையெழுத்துப் போடுங்கோ, எழுந்துக்கறேன்.”