இன்னும் கொஞ்ச நேரம் சார்

வாசகசாலைக் கணினிகளில் ஒன்று மட்டும் மறுதொடக்கத்துக்கு மசியவில்லை.

மற்றவை எல்லாம் அணைந்து, எழுந்து, அவள் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் திரும்பி வந்துவிட்டன. ஜன்னலோர இருக்கைக் கணினி மட்டும் மஞ்சளாகவே நின்றது.

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்களைத் தேய்த்துக்கொண்டாள்.

காலையிலிருந்து இதே கூத்து. கணினிகளை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் யாரோ ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை அடைக்கும் திருத்தம் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒருமுறை அணைந்து எழுந்தால்தான் அது வேலை செய்யும். மாலைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பது மேலாளர் உத்தரவு.

பல இடங்களின் கணினிகளை இந்தச் சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்வது அவள் வேலை. மருத்துவமனையில் சர்வர் எழுந்ததும் பிரிண்டர் படுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் யாரோ பென் டிரைவைச் செருகியபடியே விட்டுப் போயிருந்தார்கள். கணினி அதிலிருந்து எழப் பார்த்து, முடியாமல், கறுப்புத் திரையில் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஆசிரியை அதைப் பிடுங்கும்வரை போனில் தாலாட்டுப் பாடாத குறைதான்.

ஜன்னலோரக் கணினிக்கு மறுபடியும் எச்சரிக்கை அனுப்பினாள். வேலையைச் சேமித்துக்கொள்ளவும், கணினி மறுதொடக்கம் செய்யப்படும்.

அங்கே இருந்தவர் 'பிறகு' என்பதை அமுக்கினார். இதற்கு முன்னாலும் அதையேதான் அமுக்கியிருந்தார்.

கட்டாயப்படுத்த ஒரு வரிக் கட்டளை போதும். அதைத் தட்டியும்விட்டாள். என்டர்தான் பாக்கி.

அப்போது திரையோரத்து உதவிப் பெட்டியில், அங்கே இருந்தவரின் எழுத்துகள் வந்து விழுந்தன.

"சார், இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க சார். வேலைக்கான ஆன்லைன் டெஸ்ட் எழுதிட்டிருக்கேன். நடுவுல நின்னுபோச்சுன்னா திரும்ப உள்ள விடமாட்டாங்க."

'நிர்வாகி' என்று பெயர் போட்டிருந்தால் எல்லோரும் சார் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அவள் திருத்துவதில்லை.

இன்னொரு வரி வந்தது. "இந்த ரவுண்டு வரைக்கும் வந்ததே பெரிய விஷயம் சார். தயவுசெஞ்சு."

தட்டிய வரியை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தாள்.

"நிதானமா எழுதுங்க. முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று அனுப்பினாள்.

சற்றைக்கெல்லாம் மேலாளர் போனில் வந்தார்.

"அந்த ஒரு மிஷினுக்கு மட்டும் என்னம்மா, நல்ல நேரம் பாத்துக்கிட்டிருக்கியா?"

"ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு சார்."

"அதுக்கு? சட்டுனு ரீஸ்டார்ட் பண்ணு. அது வழியா எவனாவது உள்ள பூந்தான்னா உன் தலைதான் உருளும்."

"உருளட்டும் சார்."

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரிதான் சொன்னாள். மேலாளர் ஏதோ முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கணினிக்கு உள்ளே வரும் வழிகளையெல்லாம் அடைத்தாள். தேர்வு நடக்கும் தளத்துக்குப் போகும் ஒரே ஒரு வழியைத் திறந்துவைத்து, வேறு எதையும் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நினைத்தால் அவர் திரையை இங்கேயே விரித்துப் பார்த்துவிடலாம். எத்தனை கேள்வி பாக்கி, எதில் தடுமாறுகிறார், எல்லாம் தெரிந்துவிடும்.

பார்க்கவில்லை.

பக்கத்து மேஜைக்காரர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தரை துடைக்க வந்த அம்மா அவள் காலைத் தூக்கச் சொல்லி, துடைத்துவிட்டுப் போனார். தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஒருவழியாக உதவிப் பெட்டியில் எழுத்துகள் வந்தன.

"முடிச்சிட்டேன் சார். நல்லா பண்ணியிருக்கேன்னு நெனைக்கிறேன். ரொம்ப நன்றி. நீங்க நல்லா இருக்கணும்."

அழித்த கட்டளையை மறுபடியும் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டினாள். பிறகு என்டரை அமுக்கினாள்.

ஜன்னலோரக் கணினி அணைந்தது. எழுந்தது. பச்சையானது.

முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் போன் அடித்தது. கணவர்.

"நான் ஆபீஸ்லேருந்து கெளம்பிட்டேன். உனக்கு முடிஞ்சுதா?"

"இப்பதான் முடிஞ்சுது."

"என்ன, குரலே சரியில்ல? ரொம்பப் படுத்திட்டாங்களா?"

"வழக்கம்போலதான். உங்களுக்கு எப்படிப் போச்சு?"

அவர் பக்கம் பேருந்தின் இரைச்சல் கேட்டது.

"ஒரு முக்கியமான வேலைக்கு நடுவுல கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணணும்னு வந்து நின்னுட்டாங்க. நல்லவேளை, எங்க சிஸ்டத்தைப் பாத்துக்கற சார் ஒருத்தர், தங்கமான மனுஷன், முடிக்கிறவரைக்கும் விட்டுட்டாரு." அவர் குரலில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு துள்ளல். "உங்க ஆபீஸ்லயும் அந்த மாதிரி ஒருத்தர் இருந்தா நீ இப்படி களைச்சுப் போகமாட்டே."

அவள் எந்தெந்த இடத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம், வாசகசாலையின் ஜன்னலோர இருக்கைக்கு நேராகத் தன் கணவர் பெயரை முதல் தடவை பார்த்தபோது, அதே பெயரில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். காலையில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம் தினமும் அது திரையில் வந்து உட்கார்ந்தது. பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மேஜை விளக்கை அணைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "நாளைக்கு ஆபீசுக்கு என்ன கட்டித் தரட்டும்?"