மிச்சம் பன்னிரண்டு நிமிடம்

அவர் படத்தை நிறுத்தினார்.

லேப்டாப் திரையில் ஈவ்லின் ஹார்ட்லி ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதி திரும்பிய முகத்தோடு அசையாமல் இருந்தாள்.

தலை முழுக்க வெள்ளை. கழுத்தில் சுருக்கம்.

அழகாக இருந்தாள்.

அவளுடைய கடைசிப் படம் இது. ஹாலிவுட்டில் அறுபது வருடம் நடித்தவள். எழுபத்தொன்பது வயதில் உறக்கத்திலேயே இறந்துபோனாள் என்று போன மாதம் பேப்பரில் ஓர் ஓரமாகப் போட்டிருந்தார்கள். அவர் அதை மூன்று தடவை படித்தார்.

மகள் யமுனாவுக்கு அப்பாவின் இந்தப் பைத்தியம் பழகிவிட்டது. உங்கள் வெள்ளைக்காரி என்று கேலி செய்துகொண்டே ஒவ்வொரு படத்தையும் எங்கிருந்தாவது தேடிப் போட்டுக்கொடுப்பாள். வயதான காலத்து ஆசை என்று நினைத்திருந்தாள்.

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

கல்யாணமான புதிதில் பொன்மலை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஓர் இங்கிலீஷ் படம் போட்டார்கள். ஈவ்லின் சிரித்ததும் பின்வரிசையில் யாரோ, நம்ம குமுதாவை உரித்து வைத்த மாதிரி இருக்கிறாளே என்றார்கள். குமுதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் மனைவியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

உண்மைதான். ஈவ்லினுக்கு மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம். போனால் போகிறது.

இருபத்தெட்டு வயதில் குமுதா போய்விட்டாள். ஐந்து நாள் காய்ச்சல். யமுனாவுக்கு அப்போது நாலு வயது.

ஈவ்லின் இருந்தாள்.

நாற்பதில் அவள் கண்ணாடி போட்டாள். குமுதாவுக்கும் வந்திருக்கும், ஊசியில் நூல் கோர்க்க அப்போதே திணறுவாள். ஐம்பதில் இடுப்பு பெருத்தது. அறுபதில், ஒரு கல்யாணக் காட்சியில், மகளுக்குத் தலை வாரிவிட்டாள். யமுனாவின் கல்யாணத்தன்று அதைச் செய்தது பக்கத்து வீட்டுக்காரி. அவர் கேசட்டை ஓடவிட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.

ஈவ்லினின் இளவயதுப் படங்களை அவர் மறுபடி பார்த்ததே இல்லை.

அந்த வயதுக் குமுதா அவரிடம் இருந்தாள்.

இல்லாதது மிச்சம்தான். அதற்குத்தான் இத்தனை வருட ஏக்கம்.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அது முடிந்தால் குமுதாவுக்கு இனி வயது ஏறாது.

காப்பியோடு வந்த யமுனா, நின்றிருந்த படத்தைப் பார்த்தாள். தூக்கம் வருகிறதா, கண் வலிக்கிறதா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். கொஞ்சம்தானே, பார்த்து முடித்துவிடுங்களேன் என்றாள்.

"மிச்சத்த அப்புறம் பாப்போம்மா. ஆவணி வந்தா அவளுக்கு எண்பது."

வெள்ளைக்காரிக்கு ஏது ஆவணி? யமுனா சிரிக்கப் போனாள்.

சிரிக்கவில்லை.

வருடா வருடம் ஆவணியில், அம்மா பிறந்த நாளன்று, அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் பாயசம் வைப்பது அவள்தான். இருக்கிறது முகம் மங்கிப்போன அந்த ஒரு போட்டோதான். அதில் அம்மாவுக்கு இருபது வயது. யமுனாவைவிட முப்பத்தைந்து வயது சின்னவள்.

காப்பியைக் கீழே வைத்தாள்.

ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவின் பக்கத்தில் போட்டாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். திரைக்கு வெகு அருகில் குனிந்தாள்.

நிறைய நேரம் பார்த்தாள்.

"மூக்கும் இப்படித்தானாப்பா?"