தாமரைத் தேநீரின் மகிமை

தாமரை முளைத் தேநீர் தூக்கம் வரவழைக்கும் என்ற ஆராய்ச்சியை இன்று அனுமதிக் குழு ஏற்காவிட்டால், பேராசிரியர் கியெம்மின் ஹனோய் ஆய்வுக்கூடத்துக்கு மூடுவிழாதான்.

குழுவினர் கோப்பையைக் காலி செய்தார்கள். கியெம் மூலக்கூறுகளைப் பற்றி முழங்க முழங்க, மதிய வெயில் திரைச்சீலையில் மிதந்தது. ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது.

குழுத் தலைவர் மெல்லக் கண் விழித்தார். "படகுல மிதந்த மாதிரி கனவுங்க! அற்புதமான டீ! அனுமதி குடுத்தாச்சு!" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணயர்ந்தார்.

"பாத்தியாம்மா என் மருந்தை!" உதவியாளர் தியெப்பிடம் கிசுகிசுத்தார் கியெம்.

"ஐயா, அவங்க குடிச்சது வரவேற்புக்குக் குடுத்த வெறும் மல்லிகை டீ. தாமரை டீ இன்னும் ஃபிளாஸ்க்லதான் இருக்கு."

"அப்போ எதுல தூங்குனாங்க?"

தியெப் அவர் கையிலிருந்த உரைத் தாள்களைப் பார்த்தாள்.

"அதுல இன்னும் பாதி பாக்கி இருக்குங்க ஐயா."