சுண்ணாம்பு தெளித்த விறகு

"திருடி, கதவைத் தொறடி."

ராசாங்கம் உதைத்த மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து, கதவின் கீழ்ப்பலகையும் பிளந்தது. ஒரு சுள்ளி வீணாகக் கூடாது என்று வருஷம் பூராவும் மார்தட்டுகிற ஆள், கதவை உடைக்க மட்டும் யோசிக்கவில்லை.

அரியலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கும் நிலக்கரிக்கு அவன் ராக்காவல். அன்றைக்கு விடிந்து, வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போதே தன் வீட்டுக் கூரையில் புகையைப் பார்த்துவிட்டான். உலை வைக்கிற நேரம் தவிர அந்த வீட்டில் நெருப்புப் பற்றக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். மார்கழிப் பனி ஊரையே நடுக்கினாலும் சட்டம் சட்டம்தான்.

உள்ளே அவன் பெண்டாட்டி அம்சவள்ளி உடைந்த மண்சட்டியில் கணப்புப் போட்டு, மூன்று மாதப் பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு நாலு நாளாக மார்ச்சளி. பனி படாமல் கதகதப்பாக வைத்துக்கொள், இல்லையென்றால் பிள்ளை தங்காது என்று நர்சம்மா முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தாள்.

ராசாங்கமும் பக்கத்தில் நின்று கேட்டவன்தான். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு சாக்கை உதறிக் கொடுத்து, இது போதும் போ என்றுவிட்டான். என்ன ஜென்மமோ. முந்தின நாள் சாயங்காலம் நாலு கட்டை விறகு கேட்டதற்கு அவள் வாங்கிய அடியில் இடது காதோரம் இன்னும் வீக்கம் வடியவில்லை.

அடிப்பதற்கென்றே ஒரு ஊஞ்ச மரக் கம்பு வைத்திருந்தான். தலைப்பில் பித்தளைப் பூண், உளுத்துப் போகாமல் இருக்க வாராவாரம் வேப்பெண்ணெய். கரிக்காவலுக்கு டார்ச் லைட்டோடு போவான். கம்பு வீட்டுக்கு மட்டும். அதை எடுக்கும்போதெல்லாம், "என்னடி, குளிரு விட்டுப் போச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் அடி.

இப்போது கம்புக்குக்கூடப் பொறுமையில்லை. உள்ளே வந்த வேகத்தில் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, சுவரில் ஒரு மோது மோதினான். அவள் பிள்ளையின் தலையை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த கொடுவாள் அவன் கண்ணில் பட்டது, அதன் வெட்டுவாயில் மரச்சிராய் ஒட்டியிருந்தது.

"வெறகைப் பொளந்திருக்க. எத்தினி கட்டைடி எடுத்த?"

அவள் பிள்ளையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். அவளைத் தள்ளிவிட்டுக் கொல்லைக்கு ஓடினான்.

ஸ்டேஷனில் கரிமேட்டின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். எவனாவது ஒரு கூடை அள்ளினால் வெள்ளைக்கு நடுவே கறுப்பு பல்லைக் காட்டிவிடும். அந்த வித்தையைத்தான் கொல்லையில் அடுக்கிய விறகிலும் செய்து வைத்திருந்தான். உலைக்கு வேண்டியதை அவனே உருவிப் போட்டு, மறுபடியும் தெளித்துவிட்டுத்தான் டூட்டிக்குக் கிளம்புவான்.

அடுக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நாலு பக்கமும் வெள்ளை அப்படியே இருந்தது. ஒரு கட்டைகூட அசையவில்லை.

அப்படியானால் கடன் வாங்கியிருக்கிறாள் என்று வேலியோரம் போய், பக்கத்து வீட்டு முத்தாயியைக் கூப்பிட்டு மிரட்டினான். அவள் ஒரு சுள்ளிகூடக் கொடுக்கவில்லை என்றாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நீதான் அவள வாசப்படி தாண்ட வுடமாட்டியே" என்றும் சேர்த்துச் சொன்னாள். அவளை அடிக்க முடியாத கோபமும் அம்சவள்ளி கணக்கில் சேர்ந்தது.

திரும்பி வந்து சட்டியைக் குனிந்து பார்த்தான். நெருப்பு சடசடவென்று பொரிந்து நின்று எரிந்தது. புகையில் வேப்பெண்ணெய் வாடை அடித்தது. பிள்ளை உச்சியில் வழிய வழியத் தடவியிருக்கிறாய், எண்ணெய் என்ன உன் அப்பன் வீட்டிலிருந்தா வருகிறது என்று அதற்கும் ஒரு அறை விட்டான். அவள் உதடு கிழிந்து ரத்தம் முந்தானையில் சொட்டியது.

பிள்ளை முழிக்கவில்லை. ராத்திரி முழுக்கக் கொர்கொர் என்று இழுத்த நெஞ்சு இப்போது சீராக ஏறி இறங்கியது, நீலம் பாய்ந்திருந்த உதடு சிவந்திருந்தது. பெற்றவனுக்கு அது கண்ணில் படவே இல்லை. சட்டியை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினான். அம்சவள்ளி முழங்கையைக் குறுக்கே கொடுத்தாள், உதை எலும்பில் விழுந்தது. சட்டி நகரவில்லை.

"நீ இப்பிடியெல்லாம் வாயத் தொறக்கமாட்ட."

ராசாங்கம் விலகிப் போய், உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவில் கம்பு செருகியிருக்கும் இடத்தில் கையை விட்டான். வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"குளிரு விட்டுப் போச்சாடி ஒனக்கு?"

கையில் கீற்று மட்டும் தட்டுப்பட்டது. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை துழாவினான். கம்பைக் காணோம்.

மெல்லத் திரும்பிப் பார்த்தான். சட்டியில், தணலுக்கு நடுவே, அந்தப் பித்தளைப் பூண் பழுக்கக் காய்ந்து கிடந்தது.

அம்சவள்ளி பிள்ளையைச் சாக்கின் மேல் கிடத்தினாள். கொடுவாளை எடுத்துக்கொண்டு எழுந்து, அவனுக்கு நேராக வந்து நின்றாள்.

"ஆமாங்க, விட்டுப் போச்சு."