போர்ட்டபிள் நாலு

"மணி அடிச்சவுடன முதல் என்ன செய்வாய்?"

"பிளைண்டின்ர கயித்தை இழுப்பன். லைற்றை நிப்பாட்டுவன்."

"பிறகு?"

"பிறகு சத்தம் போடாமல் படுப்பன். எனக்குத் தெரியும் அப்பா, ஊரிலை எத்தினை தரம் படுத்தனாங்கள்!"

"கெட்டிக்காரி. கத்தக்கூடாது, என்ன?"

கௌசி தலையை ஆட்டிவிட்டு மைதானத்தின் கோடியில் இருந்த போர்ட்டபிள் நாலு என்ற தன் வகுப்புக்கு ஓடினாள். அப்பா அருள்நாயகம் அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்பாக்கிச்சூடு நடந்ததிலிருந்து கனடாவில், ஸ்காபரோவின் இந்தப் பள்ளிக்கூடமும் பதறிப்போயிருந்தது. யாராவது துப்பாக்கியோடு வந்தால் பிள்ளைகள் வெளியே தெரியக்கூடாதாம். எல்லா ஜன்னல்களுக்கும் புதிதாக, கயிற்றை இழுத்தால் இறங்கும் பிளைண்ட் திரை. மாட்டியவன் அருள்நாயகம். இன்றைக்கு ஒத்திகை. கயிறு கியிறு சிக்கினால் சரிபார்க்க அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

கயிற்றைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். பொம்பர் விமானங்கள் குண்டு போட்ட யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன மாதம் ஹெலிகொப்ரர் ஒன்று தாழப் பறந்ததற்கு அவள் வீரிட்டுக் கத்தியதில் வகுப்பே நடுங்கிப்போனது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு பள்ளிக்கூடத்தில் விசேஷ வகுப்புக்கு அனுப்ப வேண்டிவரும் என்று வைஸ் பிரின்சிபல் சொல்லிவிட்டார்.

மணி அடித்தது.

தமிழ் உதவி ஆசிரியை பேர்ணடெற் கையில் அறைகளுக்குப் புள்ளி போடும் படிவத்தோடு வெளியே வந்தார். இருவரும் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"மூண்டாம் அறையிலை ஒரு தலை தெரியுது, அண்ணை. ஆறாம் அறையிலை ஒரே சிரிப்பு."

"ரீச்சர், முதல் போர்ட்டபிள் நாலைப் பார்ப்பமே?"

"பதகளிக்காதேங்கோ. வரிசையாத்தான் போகவேணும்."

"இண்டைக்கெண்டு பார்த்து அங்கை வழமையான ரீச்சர் இல்லை, பதிலுக்கு வந்த சப்ளை ரீச்சராம். நேற்றுப் படிச்சு முடிச்ச பெட்டை. கௌசி கத்தத் தொடங்கினா உவ என்ன செய்வா?"

"கத்தினா இஞ்சையும் கேட்டிருக்கும். பேசாமல் வாங்கோ!"

கடைசியாகப் போர்ட்டபிள் நாலு. தனியாக நின்ற மரக்கூடம். ஜன்னலில் பிளைண்ட் அடிமட்டும் இறங்கியிருந்தது. உள்ளே இருட்டு. அருள்நாயகம் சுவரில் காதை வைத்துக் கேட்டான். ஒரு இருமல்கூட இல்லை.

"கத்தேல்லை, ரீச்சர்! என்ர பிள்ளை கத்தேல்லை!" அவன் கண் கலங்கிவிட்டது.

"முழுப் பள்ளிக்கூடத்திலையும் இதுதான் முதலாவது," என்று பேர்ணடெற் படிவத்தில் முழுப் புள்ளி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். "வாங்கோ, பிள்ளையளைப் பாராட்டிப்போட்டுப் போவம்."

வாசல் மறுபக்கம் இருந்தது. சுற்றிக்கொண்டு போனார்கள்.

கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு குஞ்சும் இல்லை.

"ஐயோ, பிள்ளையள் எங்கை?" பேர்ணடெற்றின் கையிலிருந்த படிவம் கீழே விழுந்தது.

அருள்நாயகத்துக்கு மட்டும் சட்டென்று விளங்கியது. வேலியோரம் மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை நோக்கி ஓடினான்.

சேற்றுக்குள் இருபத்திரண்டு பிள்ளைகளும் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். குண்டுச் சத்தத்தில் காது செவிடாகாமலிருக்க இரண்டு காதையும் பொத்தி, பல்லுக்கிடையில் ஆளுக்கொரு பென்சிலைக் கவ்வியிருந்தார்கள். வரிசையின் கடைசியில், நிமிர்ந்து பார்க்க முயன்ற சப்ளை ரீச்சரின் தலையைக் கௌசி திரும்பவும் சேற்றுக்குள் அமத்தினாள்.

"மிஸ், ஹெட் டவுன்! பொம்பர் கம் அகெய்ன்!"