ஒரு நாள் பிந்திய உடம்பு

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான உடற்கட்டுப் போட்டியில் ஆறு பேர் மேடை ஏறினார்கள். சினிக்கா ஐந்தாவதாக வந்தாள். ஆறாவதாக வந்தவளுக்குப் பாதியிலேயே கால் பிசகிவிட்டது.

போட்டி நடந்த லஹ்தியிலிருந்து சொந்த ஊர் தாம்பெரேக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் தம்பி தாப்பியோ வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குப் பயிற்சி கொடுப்பவன் அவன்தான். அவனுடைய ஜிம்மிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் கைதட்ட வந்திருந்தார்கள். தங்கம் நமக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

சும்மா சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகப் போட்டிக்குப் போயும் ஒரு தங்கம்கூட வாங்காதவள், ஐம்பத்தெட்டு வயதில் இந்த வருடம்தான் அப்படி ஓர் உடம்போடு இருந்தாள். அடுத்த வருடம் அது இருக்காது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

பஸ்ஸில் வந்த இளவட்டங்கள் கிளம்பும்போதே கிண்டலை ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வயதில் வீட்டோடு உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னலாமே என்று ஒருத்தன் சொன்னது தாப்பியோவின் காதிலும் விழுந்தது.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போதுதான் பேசினான்.

"சோறு என்னிக்கு ஆரம்பிச்ச?"

"சாப்பிட்டேன்டா."

"வியாழக்கிழமை காலைலேர்ந்துன்னு எழுதி ஃப்ரிட்ஜ்லயே ஒட்டிட்டு வந்தேன். சோறும் உருளைக்கிழங்கும் உள்ள போயிருந்தா இப்படிக் காத்துப் போன டியூப் மாதிரியா நிப்ப? வயசாயிடுச்சுன்னா ஒத்துக்கோ அக்கா. மத்தவங்க நேரத்தையும் சேத்து வீணாக்காதே."

சினிக்கா, நாளை மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் பழைய தோழி ரைலியைப் பார்க்க வேண்டுமாம்.

இந்த விளையாட்டில் ஒரு கொடுமை உண்டு. மாதக்கணக்கில் அரை வயிறும் கால் வயிறுமாக இருந்து, கடைசி மூன்று நாள் சோற்றை அளந்து அளந்து ஏற்றினால்தான் உடம்பு உச்சத்துக்கு வரும். தோல் ஒட்டி, சதை கல்லாக இறுகி, நரம்பு ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெரியும். அது நிற்பது சில மணி நேரம்தான். சின்னப் பெண்களாக இருந்தால் அடுத்த மாதமே இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம். சினிக்காவின் வயதில் வருடத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிய விஷயம்.

மறுநாள் தாப்பியோ கோபம் ஆறாமலேதான் வந்தான். கதவைத் திறந்த அக்கா கையில்லாத பனியனோடு நின்றாள். அவள் தோளைப் பார்த்தான், கையைப் பார்த்தான். நேற்று வந்திருக்க வேண்டிய உச்சம் இன்றைக்கு வந்து நின்றது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

"ஒரே ஒரு நாள் பிந்திட்டியே அக்கா. மூணு நாள்கூட ஒழுங்கா எண்ணத் தெரியலையா உனக்கு?"

நேரமாகிறது என்று சொல்லி அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

ரைலியை அவனுக்கும் நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் சினிக்காவோடு ஒன்பது போட்டிகளில் நின்று ஒன்பதிலும் ஜெயித்தவள். மூன்று வருடமாகத் தசைகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோகிற நோய். இப்போது அசைவது கண்ணும் உதடும்தான். நாளை திங்கட்கிழமை தொண்டையில் குழாய் போடப்போகிறார்கள், அதற்குப் பிறகு பேச்சும் இருக்காது. வெளியாட்களை விடுவது ஞாயிறு மத்தியானம் மட்டும். தோற்றுப்போன கதையைச் சொல்லி ஆறுதல் தேடத்தான் அக்கா போகிறாள் என்று தாப்பியோ நினைத்துக்கொண்டான்.

அறைக்குள் போனதும் சினிக்கா கோட்டைக் கழற்றினாள். உள்ளே போட்டி உடை. நேற்று பூசிய பழுப்புச் சாயம்கூட அப்படியே இருந்தது.

ரைலியின் கண்கள் அவளை மேலிருந்து கீழே அளந்தன.

"திரும்பு."

மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச்சு வந்தது. ஆனாலும் அது நடுவர் குரல். பக்கவாட்டில் நிற்கச் சொன்னாள், கையை மடக்கச் சொன்னாள், முதுகை விரிக்கச் சொன்னாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த நாலடி இடத்தில் சினிக்கா ஒவ்வொன்றாகச் செய்து, அசையாமல் நின்று காட்டினாள். மருந்து கொண்டுவந்த நர்ஸ் கொடுக்க மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். தன் ஜிம்மில் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு முதுகைத் தாப்பியோ பார்த்ததில்லை. இவள் என் அக்கா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

"கெண்டைக்கால் இன்னும் மோசம்தான்," என்றாள் ரைலி.

"தெரியும்."

"முதுகு..." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "என் நல்ல காலத்துலகூட எனக்கு இப்படி இருந்ததில்ல. இன்னிக்கு நீ ஜெயிச்சுட்டே."

சினிக்கா குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, மேடையில் செய்வதுபோலத் தலை வணங்கினாள்.

தாப்பியோவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கணக்குத் தப்பியதால் நேற்று ஐந்தாவது இடம் என்று ரைலியிடம் முறையிட்டான்.

ரைலி அவனைப் பார்க்கவே இல்லை. சினிக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ கணக்கு என்னிக்குத் தப்பியிருக்கு? வேணும்னே ஒரு நாள் தள்ளி வச்சிருக்கா." மறுபடி மூச்சு வாங்கினாள். "நேத்து இந்த உடம்போட போயிருந்தா தங்கம் உனக்குத்தானேடி. ஏன் இப்படிப் பண்ணினே?"

"நேத்து மேடையில ஆறு பேர் நின்னோம்," என்றாள் சினிக்கா. "அதுல நீ இல்லையே."